அச்சேறிய வார்த்தையும் அச்சேறாத பாவமும்



நம் பங்கில் தறியோட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டு. ஜக்கார்டு தறியில் சேலை நெய்யும்போது, ஓட்டையிட்ட அட்டைகள் தறிக்கு மேலே வரிசையாகச் சுழல்வதை உங்கள் வீட்டுச் சிறு பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள். அட்டையில் இருக்கும் ஓட்டைதான் சேலையில் பூவாக விழுகிறது. அட்டை சரியாக இருந்தால் நூறு சேலையிலும் பூ சரியாக இருக்கும். ஓர் ஓட்டை தவறிவிட்டால், யாராவது கண்டுபிடித்து மாற்றும்வரை ஒவ்வொரு சேலையிலும் அதே பிழை வரும். மனிதருடைய சொல்லுக்கு இப்படி ஓர் அட்டை கிடைத்ததுதான் அச்சு இயந்திரம். ஒருவர் சொன்னது ஓராயிரம் பேர் கைக்கு, எழுத்துப் பிசகாமல் போய்ச் சேர்ந்தது. நல்ல சொல் அப்படிப் போயிற்று. கெட்ட சொல்லும் அப்படியே போயிற்று. என் சொல் எதைப் பெருக்குகிறது? ஆண்டவர் திருமுன் இன்று இந்தக் கேள்வியோடு சற்று அமர்ந்திருப்போம்.

தமிழ் எழுத்தில் முதன்முதலாக அச்சானது எளிய மக்களுக்கான ஒரு மறைக்கல்விப் புத்தகம். 1556இல் எத்தியோப்பியாவுக்கென்று கப்பலேறிய அச்சு இயந்திரம் ஒன்று கோவாவிலேயே தங்கிவிட்டது. மனிதர் போட்ட கணக்கு ஒன்று, ஆண்டவர் நடத்திய வழி வேறொன்று. பிறகு கோவாவிலும் கொல்லத்திலும் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகி வெளிவந்தது. மொத்தமே 16 பக்கம். கடலில் மூழ்கி முத்தெடுத்துப் பிழைத்த முத்துக்குளித்துறைப் பரதவ மக்களுக்காக அது அச்சானது. அந்த அச்சுப் பணிக்குக் காசு கொடுத்துத் தாங்கியவர்களும் அவர்களே. தங்கள் மொழியில், தங்கள் கையில் செபம் இருக்க வேண்டும் என்று அந்த உழைப்பாளிகள் ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையை ஆண்டவர் கனம்பண்ணினார்.

அந்த நூலைத் தந்தவர் அண்டிரிக் அடிகளார். 1520இல் போர்ச்சுகலில் யூத வம்சாவளியில் பிறந்தவர். அந்தப் பிறப்பின் காரணமாகவே பிரான்சிஸ்கன் சபையில் அவரால் நிலைத்திருக்க முடியவில்லை. இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. 1546இல் இந்தியா வந்தார். தமிழை ஆழக் கற்றார். 1600இல் இறக்கும்வரை இம்மக்களோடேயே வாழ்ந்தார். பிறப்பைச் சொல்லித் தள்ளிவைக்கப்பட்ட ஒருவரைக் கொண்டு ஆண்டவர் நம் மொழிக்கு அச்சுப் புத்தகத்தைத் தந்தார். அன்பானவர்களே, பிறப்பைக் கேட்டு நாம் யாரையெல்லாம் தள்ளி நிறுத்தியிருக்கிறோம்? நம் ஊரில், நம் கல்லறைத் தோட்டத்தில், நம் வீட்டுத் திருமணப் பேச்சில்? தள்ளப்பட்டவரைத் தேடிப் போகிற ஆண்டவர் நம்மையும் தேடி வந்தவர்தானே.

அடிகளார் அடுத்தடுத்து நூல்களை அச்சுக்குக் கொடுத்தார். 1579இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வந்தது. அடுத்த ஆண்டு வந்தது பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தப்படுத்தும் நூல். பிறகு 1586இல் புனிதர்களின் வரலாறு பெரிய நூலாக வந்தது. மறைக்கல்விக்கு அடுத்தபடியாக மக்கள் கையில் எது இருக்க வேண்டும் என்று அந்த மேய்ப்பர் நினைத்தார், பாருங்கள். மன்னிப்புக்குப் போகும் வழிதான்!

நம் சேலம் சமவெளிக்கு நற்செய்தி வந்தபோது அதனோடு அச்சுப் புத்தகம் வரவில்லை. 1623இல் இராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவப் போதகர் சேந்தமங்கலத்துக்கும் பிறகு சேலத்துக்கும் வந்தார். வாய்ச்சொல்லும் பனையோலையும்தான் அன்றைக்கு வழி. ஓலையில் எழுதியதைக் கையால் படியெடுக்க வேண்டும். படியெடுக்கத் தெரிந்தவர் சிலர், வாசிக்கத் தெரிந்தவர் இன்னும் சிலர். உபதேசியார் சொல்லச் சொல்லக் கேட்டே நம் முன்னோர் விசுவாசத்தைக் காத்தார்கள். எழுத்தறியாத பாட்டிகள் மனப்பாடமாகச் சொன்ன செபமாலையில்தான் நாம் வளர்ந்தோம். அவர்களை நன்றியோடு நினைப்போம்.

அச்சு பரவியபோது சமுதாயமே மாறியது. சில குடும்பங்களின் ஏட்டுக்கட்டில் இருந்த கல்வி கடைத்தெருவுக்கு வந்தது. 1812இல் திருக்குறள் அச்சேறியது. 1835இல் வந்த சட்டம் இந்நாட்டவர் தாமே அச்சகம் நடத்தத் தடையாக இருந்த கட்டுகளைத் தளர்த்தியது. அந்த நூற்றாண்டிலேயே நம் சேலத்திலிருந்து பகடால நரசிம்மலு நாயுடு ‘சேலம் தேசாபிமானி’ இதழை நடத்தினார். ஏழை வீட்டுப் பிள்ளையும் பாடப் புத்தகத்தைத் தொட முடிந்தது என்றால், அது எத்தனை பெரிய அருள்!

ஆனால் இதே இயந்திரம் காயத்தையும் பெருக்கியது. மாயின்ஸ் நகரில் விவிலியத்தை அச்சிட்ட கூட்டன்பர்க்கின் காலத்திலேயே, காணிக்கை கொடுத்தவர்களுக்குப் பாவத் தண்டனை குறையும் என்று சொன்ன பலன் சீட்டுகளும் அச்சாயின. இறைவனின் இரக்கம் விலைக்குக் கிடைப்பதுபோல் தோன்றிவிட்டது. 1517இல் மார்ட்டின் லூத்தர் எழுப்பிய கேள்விகளையும் அச்சகங்களே ஊர் ஊராகக் கொண்டு சென்றன. திருச்சபை பிளவுபட்டது. அந்தப் பிளவு தமிழகத்துக்கும் வந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார். அது அரிய இறைபணி. ஆனாலும் அக்காலத்தில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் ஒருவரை ஒருவர் சாடி எழுதினார்கள். இறைவார்த்தையைச் சுமந்த கைகளே சகோதரரைக் குத்தின. எத்தனையோ தலைமுறைகளுக்குப் பின், இரு தரப்பு அறிஞர்களும் ஒன்றாக உட்கார்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது. நம் பீடத்தில் இன்று வாசிக்கப்படுவது அதுவே. ஆண்டவரின் இரக்கம் காத்திருந்து காயம் ஆற்றுகிறது.

பிரியமானவர்களே, இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அச்சகம் இருக்கிறது. லாரி ஓட்டுகிற தம்பியின் சட்டைப்பையிலும், கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற தங்கையின் கையிலும் அது இருக்கிறது. ஒரு விரல் தொட்டால் போதும், ஊர் முழுக்கப் போய்விடும். வீட்டுச் சண்டையை ஸ்டேட்டஸில் வைத்தோமா? உண்மையா என்று கேட்காமல் இன்னொரு சாதியைப் பற்றி, இன்னொரு மதத்தைப் பற்றி வந்ததை அப்படியே அனுப்பினோமா? ஒரு பெண்பிள்ளையின் பெயரைக் கெடுக்கும் செய்தி நம் கை வழியாகப் போனதா? அனுப்பியவருக்கு அது மறுநாளே மறந்துபோகும். அதைச் சுமக்கும் பிள்ளைக்கு மறக்குமா?

உள்ளம் கலங்குகிறதா? கலங்கட்டும், அதுவும் அருளே. ஆனால் சோர்ந்துவிடாதீர்கள். நற்செய்திகளில் நம் ஆண்டவர் எழுதியதாக ஒரே ஓர் இடத்தில்தான் பார்க்கிறோம். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை மறைநூல் அறிஞரும் பரிசேயரும் கூட்டி வந்து நிறுத்தியபோது, அவர் குனிந்து விரலால் தரையில் எழுதினார். என்ன எழுதினார் என்று யோவான் சொல்லவில்லை. காற்று அடித்தால் கலைந்துபோகும் மண்ணில் எழுதினார். கல்லோடு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அவர் அந்தப் பெண்ணைத் தீர்ப்பிடாமல், இனிப் பாவம் செய்யாதே என்று சொல்லி அனுப்பினார். தம் சட்டத்தை நம் இதயத்தில் எழுதுவதாகவும், நம் பாவங்களை இனி நினைவில் கொள்ளமாட்டேன் என்றும் எரேமியா வழியாக வாக்களித்தவர் அவர். நம் பாவத்தை அவர் அச்சேற்றி வைப்பதில்லை, சகோதரர்களே. பாவசங்கீர்த்தனத்தில் நாம் சொல்வது அங்கேயே மன்னிக்கப்பட்டு முடிகிறது. எந்தக் குருவும் அதை வெளியே சொல்ல முடியாது.

இவ்வளவு மன்னிக்கப்பட்ட நாம், அடுத்தவர் குற்றத்தை மட்டும் ஆயிரம் படி எடுக்கலாமா? இந்த வாரம் மூன்று காரியம் செய்யுங்கள். வீட்டில் தூசு படிந்திருக்கும் திருவிவிலியத்தை எடுத்து, வாசிக்கத் தெரியாத பெரியவருக்கு ஒரு பகுதியை வாசித்துக் காட்டுங்கள். யாரையாவது புண்படுத்தி ஏதாவது அனுப்பியிருந்தால், அதை அழித்துவிட்டு, அவரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேளுங்கள். நீண்ட நாளாகத் தள்ளிப்போட்ட ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வாருங்கள். எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் கூச்சப்பட வேண்டாம். ஆண்டவர் உங்களை ஏற்றுக்கொள்ளக் காத்திருக்கிறார், வாருங்கள். ஆமென்.