திருத்துவோன் கடன்

ஒரு பொருளைச் சிறப்பிக்கப் புகுந்து அதனைப் பழுதாக்கியவன் அப்பழுதுக்கு எத்துணைப் பொறுப்பாளி? கருதியது நன்மை, விளைந்தது கேடு. கருத்தை நோக்கி அவனை விடுவிப்பதா, விளைவை நோக்கி அவன்மீது குற்றஞ் சுமத்துவதா என்பது அறவியலில் நெடுங்காலமாக நின்று நிலவும் வினா. அரசியல், மருத்துவம் முதலிய பெருந்துறைகளை முன்வைத்தே இவ்வினாவை ஆராய்தல் வழக்கம். எனினும், சிறியதொரு பொறியை முன்வைத்து நோக்குமிடத்து இதன் கூறுகள் மேலும் தெளிவாகப் புலனாகும்.

2001ஆம் ஆண்டு நவம்பரில் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அமெரிக்காவில் ‘எக்ஸ்பொக்ஸ்’ என்னும் விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. அதன் நினைவகம் 64 மெகாபைற்று. தொடக்ககாலப் பெட்டிகளின் தாய்ப்பலகையில் மேலும் நான்கு நினைவகச் சில்லுகளுக்கான இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. விளையாட்டுகளை ஆக்குவோருக்கென வழங்கப்பட்ட பெட்டிகளிலோ 128 மெகாபைற்று இருந்தது. இதனை அறிந்த ஆர்வலர், வெற்றிடங்களில் நான்கு சில்லுகளைப் பற்றாசு வைத்துப் பொருத்தலாயினர். ஒவ்வொரு சில்லுக்கும் நூறு கால்கள். அவற்றின் இடைவெளி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. கடைகளில் விற்கப்பட்ட விளையாட்டுகள் 64 மெகாபைற்றுக்கென ஆக்கப்பட்டவையாதலின், அவற்றை ஆடுவோனுக்கு இக்கூடுதல் பெரிதும் வேண்டுவதன்று. பிற்காலத்தில் ஆர்வலரே ஆக்கிய மென்பொருள்களுக்கே அது பயன்பட்டது.

கிளிநொச்சி நகருக்கு மேற்கே, அக்கராயனை அடுத்துள்ள ஸ்கந்தபுரத்தில், திருத்துநர் ஒருவரிடம் இத்தகைய பழைய பெட்டியொன்று வந்ததாகக் கொள்ளலாம். கடல்கடந்து வாழும் உறவினர் அனுப்பிய பெட்டி அது. உரிமையாளனாகிய இளைஞன் நினைவகத்தைக் கூட்டித் தருமாறு வேண்டுகிறான். சில்லுகள் பொருத்தப்படுகின்றன. மின்னைச் செலுத்தியதும் பெட்டி மும்முறை உயிர்பெற முயன்று, பின்னர் விளக்குச் சிவப்பும் பச்சையுமாக மாறிமாறி மின்ன, இயங்காது நின்றுவிடுகிறது.

காரணம் யாதாகலாம்? புதிய சில்லு பழுதானதாக இருக்கலாம். பற்றாசு வழிந்து அடுத்தடுத்த இரு கால்களை இணைத்திருக்கலாம். அன்றேல் ஒரு கால் பலகையைத் தொடாது நிற்கலாம். மிகையான வெப்பத்தால் செப்புத் தடம் பெயர்ந்திருக்கலாம். இவை யாவும் திருத்துநர் கையால் விளைந்தவை, அல்லது அவர் கைவழி வந்தவை. இவற்றின் வேறான காரணமும் ஒன்றுண்டு. அப்பெட்டியில் கடிகாரத்துக்கென அமைந்த கொள்ளளவி ஆண்டுகள் செல்லச் செல்லக் கசிந்து, அருகிலுள்ள தடங்களை அரிக்கும் இயல்பினது. அவ்வரிப்பு எவர் கையும் படாமலே பெட்டியை முடக்கவல்லது.

ஈண்டே அறச்சோதனை தொடங்குகிறது. “காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது” என்பது பழமொழி. கொள்ளளவியைச் சுட்டி, இது காகமிருந்த கதையே எனத் திருத்துநர் சொல்லிவிடலாம்; பெட்டியைத் திறந்து பார்க்க அறியாத இளைஞன் அதனை நம்பவும் கூடும். மறுதலையாக, நேற்றுவரை இயங்கிய பெட்டி இன்று இயங்காமைக்கு உம் கையே காரணமென இளைஞனும் சினக்கலாம். இரண்டும் ஐயத்தைத் துணிபாகக் கொண்ட கூற்றுகளே, அறிவாகா.

சிவஞான சித்தியார் காண்டல், கருதல், உரை என அளவைகளை வகுத்தோதும். இங்குக் காண்டலுக்கு எட்டுவது விளக்கின் மின்னல் மட்டுமே. எஞ்சியது கருதலால் அறியற்பாலது. காரணம் உள்வழிக் காரியம் உண்மையையும், அஃது இல்வழிக் காரியம் இன்மையையும் ஒருங்கு நோக்குவது இந்திய அளவைநூலார் முறை. 1843இல் ஜோன் ஸ்ருவர்ட் மில் தமது தருக்க நூலில் வகுத்த வேற்றுமை முறையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. திருத்துநர் நான்கு சில்லுகளையும் கழற்றிப் பழைய நிலைக்கு மீளவேண்டும். பெட்டி இயங்கின் ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதிக்கலாம். இயங்காவிடின் தடங்களையும் கொள்ளளவியையும் நாடலாம். ஆராய்ச்சி தம் கையிலிருந்து தொடங்கவேண்டும் என்பதே இதன் பொருள். கடைசியாக மாறியது அதுவே என்பது தருக்கவழிக் காரணம். அறவழிக் காரணமோ இன்னும் வலியது: அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் இடையே உள்ள பிணக்கில், அறிந்தவன் தன்னை ஐயுறாவிடின் அவனை ஐயுற்று உண்மை காணவல்லார் வேறெவருமிலர்.

பிறிதொன்றும் கருதத்தக்கது. அப்பெட்டியின் வன்தட்டு, தாய்ப்பலகையிலுள்ள சிறு சில்லொன்றில் பொறிக்கப்பட்ட திறவுகோலால் பூட்டப்பட்டது. அத்திறவுகோலை முன்னரே படியெடுத்து வையாவிடின், பலகை மாண்டபின் வன்தட்டிலுள்ள பதிவுகளைப் பெறுதல் அரிது. சில்லுப் பழுதாயின் வேறு சில்லு வாங்கலாம். பல ஆண்டுகளாக ஒருவன் சேர்த்துவைத்த பதிவுகளை வாங்க இயலாது. நினைவகத்தைப் பெருக்கும் ஆசையால் நினைவையே இழக்க நேர்வது இவ்வாறுதான்.

இவ்வேறுபாட்டை வன்னி மக்களுக்கு விளக்கவேண்டுவதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்கலம் கிடையாமையால் துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் அவர்கள். சில துளி பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பி, மண்ணெண்ணெயால் அதனை ஓட்டினர். 1996இல் கிளிநொச்சி நகரை இழந்து வந்தோர் பலருக்கு ஸ்கந்தபுரம் புகலிடமாயிற்று. 2008இல் அவ்வூரவரும் இடம்பெயர நேர்ந்தது. பாத்திரங்களைப் பின்னர் வாங்கலாம், பிறப்புச் சான்றிதழையும் இறந்தோர் படத்தையும் வாங்க இயலாது என்பதை அவ்விடப்பெயர்வுகளே கற்பித்தன.

இத்துணை எச்சரிக்கை வேண்டின் எவரும் எதனையும் மேம்படுத்த முனையார் என ஒருவர் தடை எழுப்பலாம். தைனமோவை வானொலியோடு இணைத்ததும் ஒரு துணிச்சலன்றோ? ஆம், ஆயின் அது தம் பொருளின்மீது, தேவையின் பொருட்டு, மீளும் வழி விடுத்துச் செய்த துணிச்சல். இணைப்பைக் கழற்றினால் வண்டி வண்டியாகவும் வானொலி வானொலியாகவும் எஞ்சும். பிறர் பொருளில் கைவைப்போனுக்குத் துணிவு விலக்கப்பட்டதன்று. அதற்குமுன் அவன் செய்யவேண்டியன சில உள. நேரக்கூடிய கேட்டை உரைத்து உடன்பாடு பெறுதல் ஒன்று. மீளும் வழியைக் காத்தல் மற்றொன்று. மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், நோயையும் அதன் முதலையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே செயலை வைத்தமை ஈண்டு நினையத்தக்கது.

இனி, முதல் வினாவுக்கு மீளலாம். பழுது பற்றாசால் வந்ததெனக் காணப்படின் இழப்பைத் திருத்துநர் ஏற்றல் முறை. கொள்ளளவியின் பழைய அரிப்பே காரணமெனக் காணப்படினோ? பழுது அவருடையதன்று, ஆயினும் பெட்டியைத் திறந்தபோதே அதனை நோக்காது விட்டமை அவருடையதே. அவ்வளவையும் சொல்லி, அவ்வளவுக்கு மட்டுமே பொறுப்பேற்றல் நேர்மையாகும். செய்யாத குற்றத்தைப் பெருந்தன்மையால் சுமப்பதும் உண்மையை மறைப்பதேயாம். உண்மைக் காரணத்தை அறியாத இளைஞன் நாளை மற்றொரு பெட்டியையும் அவ்வாறே இழப்பான்.

ஆகவே, பொறுப்பைக் கருத்து மட்டுமோ விளைவு மட்டுமோ அளந்துவிடாது. செயலுக்கு முன் மீளும் வழியைக் காத்தானா, செயலுக்குப் பின் தன் கையை முதலில் ஆராய்ந்தானா, கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொன்னானா என்பனவே திருத்துவோனை அளக்கும் கோல்கள். பெட்டி மீண்டும் இயங்குவது கைத்திறனையும் ஓரளவு நல்லூழையும் பொறுத்தது. இம்மூன்றும் அவன் விருப்பத்தையே பொறுத்தன. எனவே இவற்றில் தவறுவோனுக்குச் சாக்கு இல்லை.