மாண்டவர் விருப்பமும் மாணவர் உரிமையும்

சென்னை உயர்நீதிமன்றத்துக்கு அருகே, சந்தடி மிக்க கடைவீதியின் நடுவே, ஏதென்சு நகரத்துக் கோயிலொன்று நிற்கிறது. வியக்க வேண்டாம் தோழர்களே! உருவந்தான் கோயில், உள்ளே நடந்ததோ பாடம். கிரேக்கரின் தீசியசு ஆலயத்தை மாதிரியாகக் கொண்டு, 1846இல் தொடங்கி 1850இல் முடிக்கப்பெற்ற பச்சையப்பன் மண்டபம் அது. வெள்ளையன் ஆட்சியில் எழுந்ததெனினும் வெள்ளையன் பணத்தில் எழுந்ததன்று.

பணம் எவருடையது? கும்பினி காலத்தில் துபாஷியாக இருந்து பெரும் பொருள் ஈட்டி, 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியாருடையது. அவர் உயிலில் கோயில் கட்டளை உண்டு, அன்னதானம் உண்டு; பள்ளிக்கூடம் இல்லை! பணம் வழக்கிலே சிக்கியது, வட்டியிலே பெருகியது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முயன்றதால், கட்டளைகளுக்குப் போக எஞ்சியது கல்விக்குத் திரும்பியது. 1842இல் பள்ளி பிறந்தது.

இங்கேதான் நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். மாண்டவரின் விருப்பத்தை மாற்ற வாழ்பவருக்கு உரிமையுண்டா? இல்லையென்போர் கூறும் காரணம் அற்பமானதன்று. சொன்ன சொல் காக்கப்படாவிடில் நாளை எவன் கொடை தருவான் என்கின்றனர். ஒப்புகிறோம்; கொடுத்தவன் நம்பிக்கையைக் களவாடுவது அறமாகாது. ஆனால் கொடுத்தவன் தந்தது பொருளை. பிறவாத தலைமுறைகளை ஆளும் செங்கோலையன்று. விளக்குக்கும் சோற்றுக்கும் போக மிஞ்சியதைக் கரும்பலகைக்குத் தந்தபோது எந்தக் கட்டளையும் நின்றுவிடவில்லை. எவர் பசியும் கூடிவிடவில்லை.

உயில் அவ்வளவு தூரம் வளைந்ததே, மேலும் ஒரு முழம் வளைந்ததா? இல்லை. 1920களின் பிற்பகுதி வரை ஆதிதிராவிட மாணவனுக்கு அந்தக் கதவு அடைபட்டே கிடந்தது. 1947 வரை இசுலாமியனுக்கும் கிறித்தவனுக்கும் இடமில்லை. இந்துக்களுக்கென்று வைத்த பணமாம்! கோயில் பணம் பள்ளிப் பணமாகலாம். சேரி மாணவன் மட்டும் இந்துவாக அத்தனை ஆண்டுகள் பிடித்தனவா?

அறிஞர் அண்ணா பயின்ற கல்லூரியாயிற்றே, அதைக் குறை கூறலாமா என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். நமக்கும் அந்தப் பாசம் உண்டு. எளிய காஞ்சிபுரத்து இளைஞர் அங்கே பொருளாதாரம் கற்றதை எண்ணி எத்தனை முறை பூரித்திருக்கிறோம்! அவருக்குக் கதவு திறந்திருந்த நன்றி ஒரு பக்கம். அவர் வயதொத்த எத்தனையோ பேர் வீதியிலேயே நின்ற கணக்கு மறு பக்கம். முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைப்பது, பழைமைவாதிகளிடம் நாம் கண்டித்த பழக்கமல்லவா?

கட்டியவர்கள் மாதிரியை எங்கிருந்து எடுத்தார்கள் பாருங்கள்! ஏதென்சு மக்களாட்சியின் தொட்டில்தான்; ஆனால் அதன் பேரவையில் அடிமைக்கும் இடமில்லை, பெண்ணுக்கும் இடமில்லை.

மண்டபம் இன்றும் நிற்கிறது. 1947இல் எல்லா மதத்தவர்க்கும் கதவு திறந்தபோது கல்லூரி அந்தத் தூண்களின் நிழலில் இல்லை. 1940இலேயே சேத்துப்பட்டுக்குப் பெயர்ந்துவிட்டது.