தோற்றவர் பக்கம் நிற்பது ஏன்?

வென்றவனை வாழ்த்த ஆயிரம் நாவுகள் எழும். தோற்றவன் தோளைத் தட்ட ஒரு கை நீளுமா? அப்படி நீளும் கை அறிவுடையோன் கையா, ஏமாளியின் கையா?

எதையும் ஏன், எதற்கு என்று கேட்கப் பழகியவர்கள் நாம். காரணத்தைக் காட்டு, பிறகு கைகூப்பச் சொல் என்பவர்கள் நாம். ஆகவே, ஆண்டுக்கு ஆண்டு அடி வாங்கும் ஊர்க் கால்பந்துக் கழகம் ஒன்றை விடாமல் பற்றி நிற்கும் மனிதனைக் கண்டால், நமக்கு ஐயம் எழுவது இயல்பு. இவன் செயல் பகுத்தறிவுக்கு ஒத்ததா? அல்லது, தந்தை செய்தான், தனயனும் செய்கிறான் என்று தொடரும் இன்னொரு பழக்கந்தானா?

விளையாட்டைப் பற்றிய பேச்சுத்தானே என்று ஒதுக்கிவிட வேண்டாம், தோழர்களே! பற்று என்பது என்ன, அதற்கு எல்லை எது, அதை யார் தமக்குச் சாதகமாக்கிக் கொள்கின்றனர் என்ற கேள்விகள் திடலோடு நிற்பவை அல்ல. திடலில் அவை தெளிவாகத் தெரிகின்றன, அவ்வளவே.

இங்கிலாந்தின் வடமேற்கே, மான்செஸ்டர் மாநகரிலிருந்து ஏறத்தாழ 8 கல் தொலைவில் ஓர் ஊர். பெயர் பெரி, ஊரோ சிறிது. பஞ்சாலைகளின் புகைக்கிடையே வளர்ந்த பாட்டாளி நகரம். 1885ஆம் ஆண்டு அவ்வூரில் ஒரு கால்பந்துக் கழகம் பிறந்தது. கிக் லேன் என்னும் திடலே அதன் இல்லம். 1900ஆம் ஆண்டு எஃப். ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் சவுத்தாம்ப்டன் அணியை 4-0 என வென்றது. 1903ஆம் ஆண்டு டெர்பி கவுண்டியை 6-0 என வென்று மீண்டும் கோப்பையைத் தூக்கிற்று. அந்தக் கோப்பையின் இறுதியாட்ட வரலாற்றில் அதனினும் பெரிய வெற்றி இல்லை. 116 ஆண்டுகள் கழித்து, 2019 மே மாதம், மான்செஸ்டர் சிட்டி அணி வாட்ஃபோர்டை அதே 6-0 கணக்கில் வென்றது. ஈடு கட்டிற்றே தவிர, விஞ்சவில்லை.

ஆனால், பாட்டன் உண்ட விருந்து பேரன் பசியைத் தீர்க்குமா? 1929ஆம் ஆண்டு முதற் பிரிவிலிருந்து இறங்கிய பெரி, அதன்பின் அந்த உயரத்தைக் கண்டதே இல்லை. கீழ்ப் பிரிவுகளில் ஏறுவதும் இறங்குவதுமாகவே அதன் காலம் கழிந்தது. பக்கத்திலோ இரண்டு பேரரசுகள்: மான்செஸ்டர் யுனைடெட், மான்செஸ்டர் சிட்டி! உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கொண்டாடும் பெயர்கள். பெரி நகரத்து இளைஞன் டிராம் வண்டியில் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குள் வாகை சூடியவர்களின் வாயிலில் நிற்கலாம். நிற்காமல், மழையிலும் குளிரிலும் கிக் லேன் படிக்கட்டில் நின்று தோல்வியைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். ஏன்?

கணக்குப் பார்ப்பவர் ஒருவர் குறுக்கே வருகிறார். "நல்ல துணி எந்தக் கடையில் கிடைக்கிறதோ அந்தக் கடைக்குப் போகிறோம். நல்ல ஆட்டம் எங்கே கிடைக்கிறதோ அங்கே போவதுதானே அறிவு?" என்கிறார்.

கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால், அதன் அடியில் ஒரு கருத்து ஒளிந்து கிடக்கிறது. கழகம் ஒரு கடை, ஆதரவாளன் ஒரு வாடிக்கையாளன் என்பதே அக்கருத்து. அதை நாம் ஏற்க வேண்டியதில்லை. கடைக்கு நாம் போகாவிட்டாலும் துணி துணியாகவே இருக்கும். கழகம் அப்படிப்பட்டதன்று. நுழைவுக் கட்டணம் தருபவன், கொடி பிடிப்பவன், சிறுவர்க்கு ஆட்டம் பழக்குபவன், தேநீர் விற்கும் மூதாட்டி, இவர்களை எல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது புல்லும் கம்பமுந்தான். ஆதரவாளன் ஆக்கப்பட்ட பொருளை வாங்க வருபவன் அல்லன், ஆக்குபவர்களில் ஒருவன்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 24 அணிகள் ஆடும் ஒரு பிரிவில் ஒன்றுதான் முதலிடம் பெறும். எத்துணைத் திறமை வளர்ந்தாலும், எத்துணைப் பணம் கொட்டினாலும், ஒருவர் கடைசியில் நின்றே தீர வேண்டும். வென்றவனுக்கே பற்று உரியது என்றால், ஆண்டுதோறும் 23 ஊர்கள் அனாதையாக வேண்டும். அடுத்த ஆண்டு, வென்றவன் யாரோடு ஆடுவான்? தன் நிழலோடா? வாகை சூடுபவனின் வெற்றிக்குங்கூட, தோற்றாலும் கலையாத கூட்டம் ஒன்று எதிர்ப்புறம் நிற்க வேண்டியிருக்கிறது.

இப்போது, நம்மவருக்கே உரிய கூர்மையான கேள்வியை எடுப்போம். "நான் இவ்வூரில் பிறந்தேன், ஆகவே இக்கழகம் என்னுடையது" என்று ஒருவன் சொன்னால், பிறப்பைக் காட்டிப் பெருமை பேசுவதாகாதா? பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று முழங்கும் நாம், பிறந்த ஊரின் பெயரால் எழும் பற்றை எப்படிப் பாராட்டுவது?

இங்கே இரண்டு கூற்றுகளைப் பிரித்தறிய வேண்டும். "எம்முடையது, ஆகவே உயர்ந்தது" என்பது ஒன்று. "எம்முடையது, ஆகவே எம் பொறுப்பு" என்பது மற்றொன்று. முன்னது பொய், பிறப்பின் பெயரால் மேடை போட்டுக்கொள்ளும் பொய். பின்னது மெய். பக்கத்தில் இருப்பவன் கண்ணுக்குத்தான் கூரை ஒழுகுவது முதலில் தெரியும். அவனே முதலில் ஏணி கொண்டு வர வேண்டும். பிறப்பு அவனை உயர்த்தவில்லை. அருகில் நிறுத்தியது, அவ்வளவே. வேற்றூரிலிருந்து வந்து குடியேறியவனும் அதே ஏணியைத் தூக்கினால், அவனும் அவ்வூர்க் கழகத்தானே. ஏணி தூக்க வருபவனிடம் எந்த ஊர், என்ன பிறப்பு என்று கேட்கும் பற்று, பற்றன்று. பழைய நோயின் புதிய பெயர்.

மூடநம்பிக்கையிலிருந்து இப்பற்றைப் பிரிக்கும் வேலி இன்னொன்றும் உண்டு. மூடநம்பிக்கை தோல்வியை மறைக்கும். நடக்காததை நடந்ததென்று சொல்லும். மறுமையில் கூலி தருவதாக வாக்களிக்கும். தோற்கும் கழகத்தின் ஆதரவாளனுக்கு அந்த வசதி ஏது? வாரந்தோறும் புள்ளிப் பட்டியல் அச்சாகி வருகிறது. எத்தனை ஆட்டம், எத்தனை தோல்வி, எத்தனை கோல் வாங்கினோம் என்பதை எதிரியைவிட அவனே துல்லியமாகச் சொல்வான். வெற்றி வருமென்று அவனுக்கு யாரும் உறுதி தரவில்லை. எல்லாம் தெரிந்தும் நிற்கிறான். கண்ணைத் திறந்துகொண்டே நேசிக்க முடியும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

ஆனால், தோழர்களே, பற்றைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொண்டால், பாதி உண்மையைச் சொன்னவர்கள் ஆவோம். பற்றுடையவன் இருக்குமிடத்தில், அந்தப் பற்றைப் பணமாக்குபவனும் வந்து சேருகிறான். பெரியின் கதை அதைத்தான் காட்டுகிறது.

2018ஆம் ஆண்டு இறுதியில் அக்கழகம் ஒரே ஒரு பவுனுக்குக் கைமாறிற்று. நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு, ஒரு பவுன்! கூடவே கடன் மலை. ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் நின்றது. ஊதியம் வராத நிலையிலும் அவர்கள் ஆடி, 2019 வசந்தத்தில் நான்காம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்குக் கழகத்தை உயர்த்தினர். களத்தில் வெற்றி; கணக்கேட்டில் வீழ்ச்சி. கடனை அடைக்க வழியுண்டு என்பதற்கு லீக் நிருவாகம் சான்று கேட்டது. சான்று வரவில்லை. புதிய பருவத்தின் ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி வைக்கப்பட்டன.

2019 ஆகஸ்டு 27. வரும் சனிக்கிழமை ஆட்டம் நடக்கும் என்ற நம்பிக்கையில், அன்று நூற்றுக்கணக்கானோர் துடைப்பமும் வாளியும் ஏந்திக் கிக் லேன் திடலுக்கு வந்தனர். இருக்கைகளைத் துடைத்தனர், குப்பையைக் கூட்டினர். அன்று இரவே தீர்ப்பு வந்தது: கழகம் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது!

துடைப்பம் ஏந்தியவர் செய்த குற்றம் என்ன? அவர்கள் கடன் வாங்கவில்லை, கணக்கு எழுதவில்லை, ஏட்டைப் பார்க்கும் உரிமைகூட அவர்களுக்கு இல்லை. தண்டனை மட்டும் அவர்களுக்கு. உடைமை ஒருவனிடம், உழைப்பும் உணர்வும் ஊராரிடம் என்ற ஏற்பாடு, ஆலையில் என்ன செய்யுமோ அதையே ஆடுகளத்திலும் செய்கிறது.

இங்கேதான் நாம் சொற்களைச் சரியாகக் கையாள வேண்டும். விசுவாசம் என்று ஒரு சொல் வழங்குகிறது. வேலைக்காரனிடம் எசமானன் எதிர்பார்ப்பது விசுவாசம். கேள்வி கேட்காதே, எது போட்டாலும் ஏற்றுக்கொள், வாலை ஆட்டு என்பதே அதன் இலக்கணம். கழகத்தின் மீது விசுவாசம் வேண்டாம், தோழமை வேண்டும். தோழன் கேட்பான்: பணம் எங்கே போயிற்று? யார் கையெழுத்து இது? எவர் நலத்துக்கு இந்த முடிவு? கேட்பதால் அவன் பகைவனாகிவிடமாட்டான். கேளாதவனுடைய பற்றுத்தான் கொள்ளைக்காரனின் முதலீடு.

அதன்பின் அவ்வூரார் செய்தவை நம் கருத்துக்கு மேலும் வேலை தருகின்றன. ஒரு சாரார், கழகம் என்பது மக்கள்தான் என்றனர். பெரி ஏ. எஃப். சி. என்ற பெயரில், ஆதரவாளர்களுக்கே உரிமையான புதிய கழகம் கண்டனர். அண்டை ஊரான ராட்கிளிஃப் திடலில் 2020ஆம் ஆண்டு ஆடத் தொடங்கினர். மூன்றாம் படியில் இருந்த ஊர், பத்தாம் படியில் மீண்டும் கால் வைத்தது. மற்றொரு சாரார், பழைய பெயரும் பழைய திடலும் இன்றிக் கழகம் ஏது என்றனர். கிக் லேனை மீட்பதே கடமை என்று நின்றனர். நன்கொடையும் அரசு நிதியும் சேர்த்து 2022ஆம் ஆண்டு திடலை வாங்கினர்.

இருவரில் யார் பற்றுடையவர்? புதியது கண்டவனா, பழையதைக் காத்தவனா? இரு சாராரும் இணைய வேண்டுமென 2022ஆம் ஆண்டு வாக்கெடுப்பு நடந்தது. ஒரு தரப்பில் வேண்டிய அளவு ஆதரவு கிட்டாமல் முயற்சி முறிந்தது. 2023ஆம் ஆண்டு மீண்டும் வாக்கெடுத்தனர், இசைவு பிறந்தது. கிக் லேனில், பெரி என்ற பெயரில், மீண்டும் பந்து உருண்டது. ஒன்பதாம் படி ஆட்டத்தைக் காண ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்.

நம் தீர்ப்பு இதுதான்: இருவரும் பற்றுடையவரே. ஆட்டம் இன்றித் திடல் மட்டும் காத்திருந்தால் அது நினைவுச் சின்னம். திடல் இன்றி ஆட்டம் மட்டும் தொடர்ந்தால் அது நாடோடி வாழ்க்கை. கருத்து வேற்றுமையைத் துரோகம் என்று தூற்றாமல், வாக்குப் பெட்டியின் முன் வரிசையில் நின்றதே அவர்கள் பற்றின் பக்குவம்.

அப்படியானால் விலகிப் போனவன்? மனம் சலித்து வீட்டில் இருந்துவிட்டவன், கட்டணம் கட்ட முடியாதவன், வேறு அணியின் ஆட்டத்தில் இன்பம் கண்டவன், இவர்கள் எல்லாம் துரோகிகளா? இல்லை என்கிறோம். போக உரிமை இல்லாத இடத்தில் நிற்பதற்குப் பெருமை ஏது? பூட்டிய கதவுக்குள் இருப்பவனைப் பற்றுடையவன் என்று யார் சொல்வார்? திறந்த கதவின் அருகே, போகலாம் என்று தெரிந்தும் நிற்கிறானே, அவன் நிற்பதற்குத்தான் பொருள் உண்டு. ஆகவே பற்றை வாழ்த்துகிறவன், விலகும் உரிமையையும் சேர்த்தே காக்க வேண்டும்.

நிற்பதால் பயன் என்ன என்று இன்னமும் கேட்பவர்க்குச் சில செய்திகள். செர்மனியில், கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு உறுப்பினரிடமே இருக்க வேண்டும் என்பது 1998 முதல் பொதுவிதி. விலக்குப் பெற்றவை மிகச் சில. யூனியன் பெர்லின் கழகத்தின் பழைய திடலைச் சீர்செய்யப் பணமில்லை என்றபோது, 2008-09ஆம் ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆதரவாளர்கள் தாமே மண் சுமந்து, காரை குழைத்துக் கட்டி முடித்தனர். இங்கிலாந்திலும், பெரியின் வீழ்ச்சி எழுப்பிய கேள்விகள் ஓயவில்லை. ஆதரவாளர் கருத்தை அறிய நடந்த ஆய்வு 2021ஆம் ஆண்டு அறிக்கை தந்தது. கழகங்களின் நிதியையும் உடைமையாளரின் தகுதியையும் கண்காணிக்கத் தனி அமைப்பை ஏற்படுத்தும் சட்டம் 2025ஆம் ஆண்டு நிறைவேறியது. தோற்ற கழகத்தின் ஆதரவாளர்கள் கலைந்து போய், வென்றவன் வாயிலில் வரிசை கட்டியிருந்தால், கேட்க நாதி இருந்திருக்குமா?

இளைஞனே! வெற்றியின் பக்கம் நிற்கத் துணிவு தேவையில்லை. இடம் கிடைத்தால் போதும். உன் தெருவிலும் ஒரு சிறு படிப்பகம் இருக்கும். உறுப்பினர் குறைந்த சங்கம் ஒன்று இருக்கும். ஆட்டம் தோறும் தோற்கும் அணி ஒன்று இருக்கும். அதை உயர்ந்தது என்று பொய் சொல்லாதே. அதன் குறையை எண்ணு, கணக்கைக் கேள், தவறு செய்பவனை எதிர்த்து நில். இத்தனையும் செய்த பிறகு, அடுத்த சனிக்கிழமை அங்கே போய் நில்.

தோற்பதற்காக நாம் நிற்கவில்லை. நாம் நிற்கும் வரையில், தோல்வி முடிவாகாது என்பதற்காக நிற்கிறோம்.