எதுவும் வேண்டாம் என்று சொல்லும் அம்மாவுக்கு

மே மாதம் இரண்டாவது ஞாயிறு அமெரிக்காவில் அன்னையர் தினம். அதை நம்பி நடக்கும் பரிசுப் பட்டியல் தளங்களில் வேலை ஜனவரியிலேயே ஆரம்பித்துவிடும். தேடுபொறி ஒரு பக்கத்தைக் கண்டுகொண்டு மேலே தூக்கிவிட மாதக்கணக்கில் ஆகலாம், அதனால்தான். அந்தப் பக்கங்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் ஒரு தலைப்பு உண்டு: 'எதுவும் வேண்டாம் என்று சொல்லும் அம்மாவுக்கு 25 பரிசுகள்.'

எனக்கு உறுத்துவது இந்தத் தலைப்புதான். அம்மா வேணாம்னு சொல்லிவிட்டார். பிள்ளை அதை நம்பிவிட்டால் இந்தப் பக்கத்துக்குச் சல்லிக்காசு தேறாது.

காசு வரும் வழி ரொம்ப எளிது. அமேசான் 1996இல் தொடங்கிய அஃபிலியேட் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தளத்தில் இருக்கும் லிங்க்கில் தளத்துக்காரரின் அடையாளக் குறி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சொடுக்கி உள்ளே போனவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கினால் கமிஷன். பரிந்துரைத்த பொருளைத்தான் வாங்கணும் என்றில்லை. அம்மாவுக்குச் சால்வை பார்க்கப் போனவர் நாய்க்குத் தீனி வாங்கினாலும் கணக்கில் சேரும்.

கோவையில் உட்கார்ந்துகொண்டு இப்படி இரண்டு தளம் நடத்துகிறான் என் நண்பன் ஒருவன். "வீட்டு புரோக்கர் கமிஷன் வாங்கலையாடா? இதுல வாங்குறவன் ஒரு பைசா எக்ஸ்ட்ரா குடுக்கல. கமிஷன் வரும்னு பக்கத்து மேலயே எழுதியும் வச்சிருக்கேன்" என்பான். மூன்றும் உண்மை. கமிஷனில் எனக்கும் புகார் இல்லை.

ஆனால் புரோக்கரிடம் போகிறவர் வீடு வேணும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் போகிறார். பட்டியலைத் தேடி வருகிறவர் கொண்டுவருவது வேறு கேள்வி: அம்மாவுக்கு எது சந்தோஷம் தரும்? அதற்கு எத்தனையோ பதில் இருக்கலாம். போன் பண்ணலாம், நேரில் போய் இரண்டு நாள் இருக்கலாம், ஒழுகும் குழாயைச் சரிசெய்து கொடுக்கலாம். இதுக்கெல்லாம் லிங்க் கிடையாது. லிங்க் இல்லாதது பட்டியலில் ஏறாது. இருபத்தைந்து பொருளும் நல்ல பொருளாகவே இருக்கட்டும், ஒரு வரிகூடப் பொய் வேண்டாம். அப்போதும் அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பார்த்தால் பட்டியல் பொய்தான். 'இங்கே இருப்பதால் எனக்குக் காசு வரும்' என்று மேலே எழுதியிருக்கிறது. 'காசு வராதது எதுவும் இங்கே இல்லை' என்று எங்கேயும் எழுதவில்லை.

வாஷிங் மெஷின் பட்டியலில் இது பெரிய குற்றமில்லை. துணி துவைத்தாகணும், மெஷின் வேணும், முடிந்தது. பண்டிகைக்கு வருகிறவர் பாதி நேரம் குற்ற உணர்ச்சியோடு வருகிறார். தூரத்தில் இருக்கிறோம், பேசி நாளாச்சு என்ற உறுத்தல். அதற்குச் சட்டென்று கைக்கு எட்டும் மருந்து கிரெடிட் கார்டு. (சில சமயம் சால்வைதான் சரியான பதில் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளிர் ஊர் அம்மாக்களும் இருக்கிறார்களே.)

இந்த நாளை அமெரிக்காவில் கொண்டுவரப் பாடுபட்ட ஆன்னா ஜார்விஸ் தன் அம்மாவின் நினைவாகத்தான் அதைத் தொடங்கினார். 1908இல் வெஸ்ட் வர்ஜீனியாவின் கிராஃப்டன் ஊர்த் தேவாலயத்தில் முதல் வழிபாடு நடந்தது. 1914இல் அதிபர் வில்சன் அந்த நாளை அதிகாரபூர்வமாக அறிவித்தார். பிறகு பூக்கடைக்காரர்களும் மிட்டாய்க் கம்பெனிகளும் வாழ்த்து அட்டைக்காரர்களும் அதை எடுத்துக்கொண்டதைப் பார்த்து, 1948இல் இறப்பதற்கு முன் பல வருடங்களைத் தான் கொண்டுவந்த நாளோடேயே சண்டை போட்டுக் கழித்தார். கைப்படக் கடிதம் எழுதாமல் அச்சடித்த அட்டையை அனுப்புவது அவருக்குப் பிடிக்கவே இல்லை. அவர் கேட்டதும் லிங்க் போட முடியாத பொருள்தான்.

நண்பனைத் தளத்தை மூடச் சொல்லவில்லை. அவன் வீட்டு வாடகை அதிலிருந்துதான் போகிறது. 'முதலில் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுங்கள்' என்று லிங்க் இல்லாமல் ஒரே ஒரு வரி சேர்க்க முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "போடலாம்டா, அதுல என்ன? ஆனா முதல்லயே போட்டா அப்படியே போன எடுத்துட்டுப் போயிடுவாங்களே. இருபத்தஞ்சுக்கு அப்புறம் போடட்டுமா?"