திருப்பூரால் முடிந்தது, உன்னால் முடியாதா?

"நான் ஒருவன் மாறினால் உலகம் மாறிவிடுமா?" என்று கைகட்டி நிற்கிறாயா, தோழா? நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்கு ஒருமுறை போய் வா.

பாசனத்துக்கென்று 1992-இல் திறந்த அணை அது. சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, அலசும் நீரோடு வெளியேறிவிடும். அது ஆற்றில் கலந்தது, கிணற்றில் இறங்கியது, விளைநிலத்தைப் பாழாக்கியது.

உழவர்கள் விதியை நொந்து உட்காரவில்லை. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகத் திரண்டு நீதிமன்றப் படியேறினார்கள். எதிரே நின்றது பல்லாயிரம் கோடி ரூபாய் ஏற்றுமதித் தொழில்! ஆண்டுக்கணக்கில் சளைக்காமல் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே ஆடிப்போனது. அன்று வேலையிழந்த தொழிலாளர்களின் வலியை மறைத்துவிட்டு வெற்றிக்கதை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் விழுந்த இடத்திலிருந்தே திருப்பூர் எழுந்தது. கழிவுநீரை நுண்ணுயிர்களால் தெளியவைத்தார்கள். சவ்வு வழியே அழுத்தி நன்னீரைப் பிரித்தார்கள். மிஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி உப்பை எடுத்தார்கள், சாயத்தொட்டிக்கே திருப்பினார்கள். இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பத்தில் ஒன்பது பங்குத் தண்ணீர் மீண்டும் பட்டறைக்கே போகிறது. முடியாது என்று சொல்லப்பட்டது இதைத்தான்!

ஆனாலும் குறைகள் தீரவில்லை. இதற்குச் செலவு அதிகம், மின்சாரமும் ஏராளம். பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு தேங்குகிறது. இரவில் கழிவைத் திறந்துவிடுவோரும் ஒழியவில்லை.

மீதி வேலை உன்னுடையது. ஒரு டி-சர்ட்டுக்குப் பருத்திக் காட்டிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அதை நாலு துவைப்பில் தூக்கி எறிய யார் உனக்கு உரிமை தந்தது? நைந்துபோகும்வரை உடுத்து. கிழிந்தால் தைத்து உடுத்து. "இந்தச் சாயத்தண்ணீர் எங்கே போனது?" என்று கடையில் கேள். விழிப்பார்கள், அடுத்த முறையும் கேள். பத்துப் பேர் கேட்டால் அந்தக் கேள்வி முதலாளியின் மேசைக்குப் போகும்.

பட்டறை நடத்துபவனா நீ? உன் சுத்திகரிப்புத் தொட்டியை ஊருக்குத் திறந்து காட்டு. வெளிநாட்டு வியாபாரி விலையைக் குறைக்கச் சொன்னால், "என் ஆற்றைக் காப்பாற்றும் செலவும் இதில் அடக்கம், ஒரு பைசா குறையாது" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்!