வெளிச்சம் நல்லாருக்கு சாமி



இன்னிக்குப் பதிவு ஒரு டார்ச் லைட்டைப் பத்தி. சிரிக்காதீங்க. ஹார்டுவேர்ஸ் கடையில 220 ரூபாய்க்கு வாங்கின டார்ச்தான். ஆனா அது மூணு வாரமா என் மனசுல ஒரு கேள்வியைப் போட்டுக் குடைஞ்சுட்டே இருக்கு. வேணும்னு செய்யாத தப்புக்கு நாம பொறுப்பா, இல்லையா?

நடந்ததை முதல்ல சொல்றேன்.

இந்தத் தைப்பூசத்துக்கு ஆபீஸ் நண்பர்கள் நாங்க அஞ்சு பேர் திண்டுக்கல்லில் இருந்து பழனிக்குப் பாதயாத்திரை போனோம். சுமார் 60 கிலோமீட்டர். நாள் முழுக்க நாற்காலியில உக்காந்து கோடு எழுதுற கூட்டம்கிறதால, பகல்ல வெயில் வேண்டாம், ரெண்டு ராத்திரியில நடந்துடலாம்னு முடிவு பண்ணினோம். ஒருத்தனுக்குத் தண்ணி, ஒருத்தனுக்கு மருந்துப் பை. எனக்கு லைட் பொறுப்பு.

எங்க வீட்டுப் பக்கத்து ஹார்டுவேர்ஸ் கடைக்குப் போனேன். பைப்பு, பெயிண்ட் டப்பா, தாழ்ப்பாள், எடை போட்டுத் தர்ற ஆணி, இதுக்கெல்லாம் நடுவுல ஒரு கயித்துல வரிசையா டார்ச் தொங்கும்.

"அண்ணே, இருக்கறதுலயே பிரைட்டா ஒண்ணு கொடுங்க. விலையும் கம்மியா இருக்கணும்."

அவர் ஒண்ணை எடுத்து, மேற்கூரையைப் பார்த்து ஆன் பண்ணிக் காட்டினார். சிமெண்ட் ஷீட்டுல இருந்த ஒட்டடை எல்லாம் தனித்தனியா தெரிஞ்சுது. அட்டைப் பெட்டியில "50,000 லூமென்"னு போட்டிருந்தது.

"நிஜமாவா அண்ணே?"

"அட்டையில போடுறதுக்குக் காசா தம்பி? ஆனா லைட்டு நல்லாருக்கும், எடுத்துட்டுப் போங்க."

இஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? வீட்டுக்கு வந்து கணக்கு போட்டேன். உள்ள இருந்த பேட்டரி 1,200 மில்லி ஆம்பியர் ஹவர், 3.7 வோல்ட். பெருக்கினா சுமார் 4.4 வாட் ஹவர். நல்ல வெள்ளை எல்.இ.டி. ஒரு வாட்டுக்குத் தோராயமா 100 லூமென் கொடுக்கும். அப்படிப் பார்த்தா 50,000 லூமெனுக்கு 500 வாட் வேணும். அந்த பேட்டரி அரை நிமிஷத்துல காலியாகிடும். அதுக்கு முன்னாடியே கை வெந்துடும். உண்மையில அது 3 வாட் லைட்டு, 300 லூமென் கொடுத்தா பெரிய விஷயம்.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த 300 லூமெனே சாதாரணம் இல்லை. ஒரு மெழுகுவர்த்தி மொத்தமா கொடுக்கறது 12 லூமென் பக்கம்தான். நீல எல்.இ.டி. கண்டுபிடிச்ச அகாசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014ல இயற்பியல் நோபல் கொடுத்தாங்க. அந்த நீல ஒளி மேல மஞ்சள் பாஸ்பர் பூசித்தான் இந்த வெள்ளை வெளிச்சம் வருது. நோபல் வாங்கின விஷயம் நம்ம தெருக்கோடியில 220 ரூபாய்க்குத் தொங்குது. எனக்கு ஒரே சந்தோஷம்.

முதல் ராத்திரி ஒட்டன்சத்திரம் வரைக்கும் நல்லபடியா போச்சு. பகல் முழுக்கப் படுத்துட்டு, ரெண்டாவது ராத்திரி மறுபடியும் நடந்தோம். மணி ரெண்டு இருக்கும். நான்தான் முன்னாடி. கையில லைட்டு இருக்குறவன் முன்னாடி போறதுல ஒரு கெத்து இருக்கு, அதை மறைக்க விரும்பலை.

எதிர்ல ரோட்டோரமா யாரோ வர்ற மாதிரி இருந்தது. யாருன்னு பார்க்க லைட்டைத் தூக்கினேன். அவ்வளவுதான் நான் செஞ்சது.

வந்தவங்க ஒரு அம்மா. அறுபத்தஞ்சு வயசு இருக்கும். பச்சைச் சேலை, வெறுங்கால். பின்தங்கின யாரையோ பார்க்கத் திரும்பி வந்துட்டு இருந்திருக்காங்க. முகத்துல வெளிச்சம் பட்டதும் கையைத் தூக்கிக் கண்ணை மறைச்சாங்க. அதே அடியில கால் தார் ரோட்டை விட்டு இறங்கிடுச்சு. அந்த இடத்துல தாருக்கும் மண்ணுக்கும் அரை அடி பள்ளம். கால் மடங்கி அப்படியே உக்காந்துட்டாங்க.

ஓடிப் போய்த் தூக்கினோம். முட்டியில சிராய்ப்பு. கணுக்கால் பார்த்துட்டு இருக்கும்போதே வீங்க ஆரம்பிச்சது. "மன்னிச்சிருங்கம்மா, மன்னிச்சிருங்க"ன்னு நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவங்க கோபப்படவே இல்லை.

"பரவால்ல சாமி. உங்க வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஒண்ணும் தெரியாமப் போச்சு."

மதுரைப் பக்கத்துல இருந்து நாலு நாளா நடந்து வர்றவங்க. நேர்த்திக்கடன். என்ன வேண்டுதல்னு நான் கேக்கலை, கேக்கத் தைரியம் இல்லை. கொஞ்ச நேரத்துல அவங்க குழுவோட மூட்டை முடிச்சு ஏத்தின குட்டியானை வந்தது. கூட வந்தவங்க அதுல ஏத்தி உக்கார வச்சாங்க. இருபது கிலோமீட்டர் கூட மிச்சம் இல்லை. வண்டி கிளம்பினப்போ அவங்க அழுதாங்க. வலியில அழுதாங்களா, நடந்து முடிக்க முடியலையேன்னு அழுதாங்களான்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

அதுக்கப்புறம் நான் லைட்டை ஆன் பண்ணலை. பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல ஒண்ணு கவனிச்சேன். ரோடு நல்லாவே தெரியுது! தைப்பூசம்னா பௌர்ணமியை ஒட்டி வர்ற நாள். ரெண்டு நாள்தான் பாக்கி. நிலா மேற்கே, எங்களுக்கு நேர் எதிர்ல நின்னுட்டு இருந்தது. புளியமர நிழல், வெள்ளைக் கோடு, பள்ளம், முன்னாடி போறவங்க முதுகு எல்லாம் தெரிஞ்சது. லைட் இல்லாமலே நடந்திருக்கலாம்னு புரிஞ்சப்போ வயித்தைப் பிசைஞ்சது.

நண்பர்கள் ஆறுதல் சொன்னாங்க. "நீ என்ன வேணும்னா பண்ண? அந்த இடத்துல பள்ளம் இருந்தா நீ என்னடா செய்வ?" எல்லாம் சரியான வாதம்தான். மனசுல கெட்ட எண்ணம் இல்லைன்னா பாவம் இல்லைன்னு நாமளும் சொல்லிட்டுத்தான் இருக்கோம். ஆனா அந்தம்மாவோட கணுக்காலுக்கு என் மனசுல என்ன இருந்ததுன்னு தெரியுமா? அதுக்கு விழுந்தது மட்டும்தான் தெரியும்.

ஊருக்கு வந்ததும் இதைப் பத்திப் படிச்சேன். இருட்டுல நமக்கு உதவுறது கண்ணுல இருக்கிற குச்சி செல்கள். அதுங்க முழுசா இருட்டுக்குப் பழக 20, 30 நிமிஷம் ஆகும். பளீர்னு ஒரு வெளிச்சம் பட்டா அந்தப் பழக்கம் நொடியில கலைஞ்சிடும். வயசானவங்களுக்குக் கண் லென்ஸ்ல ஒளி சிதறுறதால கூச்சம் இன்னும் அதிகம், திரும்பப் பார்வை சரியாகவும் நேரம் பிடிக்கும். பௌர்ணமி நிலா வெளிச்சம் 0.2 லக்ஸ் பக்கம்தான் இருக்கும். என் டார்ச்சோட நடுக்கதிர் 5,000 கேண்டெலான்னு வச்சுக்கோங்க. 5 மீட்டர் தூரத்துல இருக்கிறவங்க முகத்துல விழறது 200 லக்ஸ். அதாவது ஆயிரம் மடங்கு. நாலு நாளா நிலவுல பழகின கண்ணுல நான் ஆயிரம் மடங்கைக் கொட்டியிருக்கேன்.

இதைப் படிச்சதும் ஒரு சோதனை செஞ்சு பார்த்தேன். ராத்திரி மொட்டை மாடியில லைட்டையெல்லாம் அணைச்சுட்டுக் கால் மணி நேரம் நின்னேன். அப்புறம் தங்கச்சி கையில டார்ச்சைக் கொடுத்து, அஞ்சு மீட்டர் தள்ளி நிக்க வச்சு, என் முகத்துல அடிக்கச் சொன்னேன். ஒரு வெள்ளைப் பந்து தவிர எதுவும் தெரியலை. அவ முகம் தெரியலை, மாடிச் சுவர் தெரியலை, என் காலே தெரியலை. கண்ணு தானா மூடிக்குச்சு.

அவளோ அங்க இருந்து கேக்குறா: "ஏன்டா கண்ணை மூடுற? நீ நல்லாத் தெரியுறியே!"

இதுதான் விஷயம். லைட்டைப் பிடிச்சிருக்கிறவனுக்குக் கூசாது. அந்த இடத்துலயே அது கூசுறதைத் தெரிஞ்சுக்க முடியாத ஒரே ஆள் அவன்தான். எங்க ஃபீல்டுல ஒரு ஜோக் உண்டு. டெஸ்ட் பண்றவங்க "இது வேலை செய்யலை"ன்னு சொன்னா, "என் மெஷின்ல ஓடுதே"ன்னு சொல்லுவோம். அது பொய் இல்லை. நிஜமாவே நம்ம மெஷின்ல ஓடும். ஆனா நாம அதை எழுதினது நம்ம மெஷினுக்காகவா?

சரி, அப்போ எனக்குத் தெரியாதுங்கிறதால நான் நிரபராதியா? அப்படிச் சொல்லிக்கலாம்னு பார்த்தேன். ஆனா தாத்தா ஞாபகம் வந்துடுச்சு.

தாத்தாகிட்ட ஒரு மூணு கட்டை பேட்டரி லைட் இருந்தது. ராத்திரி மோட்டாருக்குக் கரண்ட் வரும்போது தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போவார். லீவுக்குப் போனா நானும் கூடப் போவேன். வரப்புல எதிர்ல ஆள் வந்தா, லைட்டைச் சட்டுனு கீழ இறக்கி அவங்க கால் வைக்கப் போற இடத்துல அடிப்பார். அவங்க நம்மைத் தாண்டிப் போற வரைக்கும் அங்கேயே பிடிச்சிருப்பார். அதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் இருட்டுல நிப்போம். ஒரு தடவை நான் வாங்கி ஒருத்தர் மூஞ்சியில அடிச்சுட்டேன். "ஆள் முகத்துல அடிக்காதடா, காலுக்கு அடி"ன்னு அதட்டினார்.

ஆக, எனக்குத் தெரியாதுங்கிறது பொய். எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க, நான் மறந்துட்டேன். தெரியாம செஞ்சதுக்கும் மறந்து செஞ்சதுக்கும் வித்தியாசம் இருக்குன்னு நினைக்கிறேன். தெரியாததுக்கு மன்னிப்பு கேட்டா போதும். மறந்ததுக்கு நாமதான் பொறுப்பு.

இன்னொண்ணும் யோசிச்சேன். கட்டை தீர்ந்தா காசு கொடுத்து வாங்கணும்கிறதால, தாத்தா தேவைப்பட்ட நேரம் மட்டும்தான் அமுக்குவார். எங்க அடிக்கணும்னு யோசிச்சு அடிப்பார். எனக்கு சார்ஜ் போட்டா முடிஞ்சது. பொருள் மலிவானதுல தப்பே இல்லை. அதோட வந்த பழக்கத்தையும் நாம மலிவா நினைச்சுட்டோம்.

அதுக்காக டார்ச்சே வேண்டாம்னு சொல்ல வரலை. நம்ம நாட்டுல 2000 முதல் 2019 வரைக்கும் பாம்புக்கடியில சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம்னு ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்காங்க. பெரும்பாலும் கிராமத்து ஜனங்க. ராத்திரி வெளிய கால் வைக்கும்போது கையில ஒரு லைட் இருந்தா எத்தனையோ உயிர் பிழைக்கும். வெளிச்சம் 220 ரூபாய்க்குக் கிடைக்கிறது பெரிய வரம். பாதயாத்திரையிலயும் பின்னாடி வர்ற வண்டிக்கு நாம தெரியணும், அதுக்கு லைட்டும் ஒளிரும் பட்டையும் கண்டிப்பா வேணும்.

ஆனா வண்டிக்காவது டிம், பிரைட் சுவிட்ச் இருக்கு. எதிர்ல ஆள் வந்தா டிம் அடிக்கணும்னு லைசென்ஸ் வாங்கும்போதே சொல்லித் தர்றாங்க. கையில பிடிக்கிற டார்ச்சுக்கு டிம் சுவிட்ச் நம்ம மணிக்கட்டுதான்.

ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு என் பதில் இது. எண்ணம் நல்லதா இருந்தா பாவம் குறையலாம், அதைப் பத்திச் சொல்ல நான் பெரிய ஆள் இல்லை. ஆனா பொறுப்பு குறையாது. நம்ம கையில இருக்கிறது எவ்வளவு பிரகாசமோ, அவ்வளவுக்கு எதிர்ல நிக்கிறவங்களை யோசிக்கணும். நமக்கு நல்லாத் தெரியுதுங்கிறது எதுக்கும் சாட்சி ஆகாது. எதிர்ல இருக்கிறவங்ககிட்டதான் கேக்கணும்.

அந்தம்மாவை மறுபடி பார்ப்பேனான்னு தெரியாது. பேரும் தெரியாது, ஊரும் சரியாத் தெரியாது. பழனியில சன்னதி முன்னாடி நின்னப்போ எனக்காக எதுவும் கேக்கத் தோணலை. "முருகா, அவங்க நடந்த நாலு நாளையும் முழுசா ஏத்துக்கோ"ன்னு மட்டும் சொன்னேன்.

அடுத்த வருஷம் போறவங்களுக்கு மூணே விஷயம். லைட்டை இடுப்புக்கு மேல தூக்காதீங்க. கண்ணாடி மேல ஒரு வெள்ளைத்தாள் ஒட்டிட்டா கூர்மையான கதிர் பரவி மென்மையாகிடும். எதிர்ல ஆள் வந்தா அவங்க காலுக்கு அடிங்க, உங்க காலுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்.

போன ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு ஒண்ணு வாங்க அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு டார்ச்சை எடுத்தார். இந்தத் தடவை நான் நல்லாக் கவனிச்சேன். தன் உள்ளங்கையை மேல வச்சுப் பொத்திக்கிட்டு ஆன் பண்ணினார். விரல் இடுக்கெல்லாம் சிவப்பாத் தெரிஞ்சது. அப்புறம்தான் கையை எடுத்து மேற்கூரையைப் பார்த்துத் திருப்பினார்.

"ஏன் அண்ணே கையால மூடுறீங்க?"

"முன்னாடி ஆள் நிக்கிறப்ப எப்படித் தம்பி பட்டுனு அடிக்கிறது?"

முருகா சரணம்.