கந்தன் முன்னே நடக்கிறான்

ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடி ஏறும். அன்று தொடங்கி ஆவணி அமாவாசைத் தீர்த்தம் வரை 25 நாள் யாழ்ப்பாணம் வேறு ஊர். மச்சம் சமைத்த சட்டிகளை அதற்கு முன்பே மினுக்கிக் கவிழ்த்துவிடுவார்கள். முற்றத்துக்குச் சாணித் தண்ணி தெளிப்பார்கள். கோயிலைச் சுற்றிய தெருக்களில் வாகனங்களை மறித்து, தார் வீதி தெரியாதபடி மணல் பரவுவார்கள். கல்வியங்காட்டுச் செங்குந்த மரபினர் வீட்டிலிருந்து கொடிச்சீலை சின்னத் தேரில் ஏறி வந்து சேரும். இத்தனை ஆயத்தமும் எதற்கு? அவன் வாசல் தாண்டி வரப்போகிறான். காலையும் மாலையும் தன் வீதியைச் சுற்றப்போகிறான். நாங்கள் அவன் பின்னால் நடக்கப்போகிறோம். எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பின்னால் நடப்பது என்றதும் ஊர் பார்க்கும் நடைகள் நினைவுக்கு வரும். ஊர் பார்க்க வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வழிகாட்டி ஒருவர் முன்னே போவார். சுவரோவியத்தின் முன் நிறுத்திக் கதை சொல்வார். அடுத்த மூலையில் எதையாவது சுடச்சுட வாங்கிக் கையில் கொடுப்பார். இப்படியான நடைகள் இன்று உலகம் முழுக்க உண்டு. பினாங்கின் ஜோர்ஜ் டவுனுக்கு இதற்கென்றே போகிறவர்கள் இருக்கிறார்கள். 2012இல் லித்துவேனிய ஓவியர் ஏர்னஸ்ட் சக்கரேவிச் அங்கே பழஞ்சுவர் ஒன்றில் வரைந்த சைக்கிள் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, தெருக்கடைகளில் சாப்பிட்டபடி நடக்கலாம். இங்கேயும் 2019 முடிவில், நாடெங்கும் இளைஞர்கள் தூரிகையோடு தெருவில் இறங்கியபோது, யாழ்ப்பாணத்து மதில்கள் நிறம் பெற்றன. பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. தெருவில் கண்ணுக்கும் நாவுக்கும் விருந்து வைக்க வேண்டும் என்ற ஆசை அந்தப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. நல்லூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த விருந்தை வைப்பவன் கந்தன். வழிகாட்டியும் அவனே.

"செருப்பைக் கழட்டு பிள்ளை. இனி மணல்தான்."

கனடாவிலிருந்து வந்த பேத்திக்கு என் பெரியம்மா சொல்கிற முதற் பாடம் இது. பருத்தித்துறை வீதியில் தடுப்புப் போட்ட இடத்தில் செருப்பை விட்டுவிட்டு இறங்கினால், பின்னேரத்து மணல் உள்ளங்காலில் இன்னும் சுடும். அந்தச் சூடு மேலே ஏறும்போதே எனக்கு வழிபாடு தொடங்கிவிடுகிறது. காவியும் வெள்ளையுமாகக் கோடு போட்ட அந்த நீள மதிலைக் கண்டதும் கை தானாகக் குவியும். தெற்கே 2011இலும் வடக்கே 2015இலும் எழுந்த ஒன்பது நிலைக் கோபுரங்களில் சாய்ந்த வெயில் பட்டுத் தெறிக்கும். பெரியம்மா நடந்துகொண்டே கதை சொல்வார். பழைய கோயிலைப் போர்த்துக்கேயப் பறங்கியர் 1620களில் இடித்துத் தரைமட்டமாக்கியது, அந்த இடம் முத்திரைச்சந்திப் பக்கம் இருந்தது, ஒல்லாந்தர் காலத்தில் 1734இல் ரகுநாத மாப்பாண முதலியார் குருக்கள் வளவில் இப்போதுள்ள கோயிலை எழுப்பியது, எல்லாம் ஒரு மூச்சில் வரும். "இடிச்சவை எங்கை? இவர் இங்கை இருக்கிறார், பார்" என்று முடிப்பார். சின்னவள் அண்ணாந்து பார்ப்பாள். நானும் பார்ப்பேன். எத்தனை முறை கேட்டாலும் அந்த "இவர்" என்ற சொல்லில் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

வசந்தமண்டபப் பூசை முடிந்து மேளம் திடீரென்று மாறும். தவில் ஒரு சுற்று ஓங்கி அடித்ததும் கூட்டம் முழுக்க ஒரே குரலில் "அரோகரா!" வாசலில் அவன் வந்து நிற்கிறான். அந்தச் சாத்துப்படியை நான் என்ன சொல்லி விளங்கப்படுத்துவேன்? மல்லிகையும் செவ்வரத்தையும் தாமரையும் மருக்கொழுந்தும், பட்டின் மடிப்பும், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கோலம். ஒரு நாள் மயிலில், ஒரு நாள் கைலாச வாகனத்தில், பத்தாம் நாள் மஞ்சத்தில். நேற்றுப் பார்த்தவன் இன்றில்லை. பூக் கட்டியவர்கள் பொழுது விடியமுன் எழும்பி விரல் நோகக் கட்டியது அந்த ஒரு சுற்றுக்குத்தான். உலா முடிந்தால் களைந்துவிடுவார்கள். வீதியோரத்து வீட்டு வாசல்களிலும் அதே தவம் நடக்கும். நிறைகுடம், குத்துவிளக்கு, குருத்தோலைத் தோரணம், நடுவே கோலம். சாமி வரும் திசையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே ஓர் அம்மா குந்தியிருந்து கடைசி இதழுக்கு மாவை விடுகிறார். பெருவிரலும் சுட்டுவிரலும் உரசுகிற அந்தச் சிறு இடைவெளியால் வெள்ளைக் கோடு இறங்குகிறது. அவர் எழும்பி ஒதுங்கவும் தீவர்த்தி வரவும் சரியாக இருக்கும். சனம் அதன் மேல் நடந்து போகும். அழிந்துபோகிறதே என்று அவர் முகத்தில் வருத்தம் கிடையாது. அவன் பார்த்துவிட்டான், அது போதும்.

மாம்பழத் திருவிழா நாளில் எனக்கு இருப்புக்கொள்ளாது. உலகத்தை முதலில் சுற்றி வருகிறவருக்கு மாம்பழம் என்று தகப்பன் சொன்னதை நம்பி, மயிலில் ஏறிப் புறப்பட்டவன் கந்தன். பிள்ளையார் அம்மையப்பனைச் சுற்றிப் பழத்தை வாங்கிக்கொண்டார். தம்பி கோபித்துக்கொண்டு ஆண்டியாகிப் போனான். நல்லூரில் தண்டாயுதபாணியாக அவன் எழுந்தருளும் அன்று அந்தக் கதை வீதியிலேயே நடக்கும். பழம் அண்ணனுக்கு என்று ஆகும் இடத்தில் சிறுபிள்ளைகளின் முகம் வாடிப்போகும். ஒரு பழத்துக்காக உலகத்தைச் சுற்றிய சாமி எங்களுக்கு வாய்த்திருக்கிறான். தின்னும் ஆசையையும் ஊர் பார்க்கும் ஆசையையும் அவனிடம் ஒளிக்க வேண்டுமா? இரண்டையும் கையில் ஏந்திக்கொண்டு போகலாம். அவன் விளங்கிக்கொள்வான்.

அதனால்தான் வீதியில் கடைகளே வேண்டாம், பக்தி கெடுகிறது என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒழுங்கு வேண்டும், சுத்தம் வேண்டும், சாமி வரும் பாதையில் சத்தம் அடங்க வேண்டும்; அதெல்லாம் சரி. ஆனால் கச்சான் வாசம் இல்லாத நல்லூர்த் திருவிழாவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாது. தாச்சியில் மணல் கறுத்துக் கிடக்கும். ஆச்சி அதை அகப்பையால் கிண்டக் கிண்டக் கச்சான் உள்ளே புதைந்து புதைந்து மேலே வரும். கோது மெல்ல வெடிக்கும் சத்தம் கேட்டதும் அரிதட்டில் அள்ளி மணலை உதிர்ப்பார். சுண்டால் அளந்து பேப்பர்ச் சுருளில் கொட்டி, மேலே ஒரு பிடி சும்மா போடுவார். "கோயிலால போறவைக்கு அளந்து குடுக்கக் கூடாது மோனை." அந்த ஒரு பிடியை நான் பிரசாதமாகத்தான் வாங்குகிறேன். கோதை உடைத்து இரண்டு பருப்பு இருந்தால் வள்ளியும் தெய்வயானையும் என்பார் பெரியம்மா. மூன்று இருந்தால் நடுவில் கந்தனும் இருக்கிறான், கண்ணில் ஒற்றிவிட்டுச் சாப்பிட வேண்டும். கனடாப் பேத்தி அன்று முழுக்க மூன்று பருப்புக் கச்சான் தேடினாள். கிடைத்ததும் வாயில் போடவில்லை. கைக்குள் பொத்திக்கொண்டு, சாமி திரும்பி வரும்வரை நின்றாள்.

பிறகு கடலை, சுண்டல், தும்பு முட்டாசு, மஸ்கற், ஐஸ்கிறீம் எல்லாம் உண்டு. பிள்ளைகள் கேட்பதை வாங்கிக் கொடுங்கள்.

தண்ணீர்ப் பந்தலைப் பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும். கோயிலுக்குப் போகும் தெருக்களில் பந்தல் போட்டு, பொடியள் தெருவுக்கே இறங்கி வந்து வழி மறிப்பார்கள். "குடிச்சிட்டுப் போங்கோ அன்ரி." காசில்லை. பேர் கேட்பதில்லை. எந்த ஊர், எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று கேட்பதில்லை. பச்சை மிளகாயும் வெங்காயமும் கறிவேப்பிலையும் அரிந்து போட்ட மோர், சக்கரைத் தண்ணி, வெயில் நாளில் உயிரைத் திருப்பித் தருகிற ஊறுகாய்த் தண்ணி. உப்பில் ஊறி நாளான தேசிக்காயைத் தண்ணீரில் பிசைந்து, புளிப்பும் உப்பும் ஒன்றாக நாக்கில் ஏற, ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் குவளையை நீட்டினால் மறுபடியும் ஊற்றுவார்கள். கண் கலங்குவது புளிப்பினால் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்குத் தெரியும் எதனால் என்று. உள்ளே அர்ச்சனைக்கு ஒரே ஒரு ரூபாய் வாங்குகிற கோயில் இது. வெளியே தெருவும் அந்தக் கணக்கிலேயே நடக்கிறது. இல்லாதவன் என்று ஒருவன் வெட்கப்பட்டுத் திரும்பிப் போக இந்த 25 நாளும் இடமில்லை.

அதிகாலையில் வந்தால் வேறொரு காட்சி. ஈர வேட்டியோடு ஆண்கள் மணலில் உருண்டு பிரதட்டை செய்வார்கள். பெண்கள் விழுந்து கும்பிட்டு, எழுந்து, ஓரடி வைத்து, மறுபடியும் விழுந்து அடியழித்து வருவார்கள். அவர்கள் போன பிறகு மணலைப் பாருங்கள். உடம்பு உருண்ட தடம் கோயிலைச் சுற்றிப் போயிருக்கும். அதன் பக்கத்தில் முழங்காலும் உள்ளங்கையும் நெற்றியும் பதிந்த குழிகள். எந்தச் சுவரில் எவர் தீட்டிய சித்திரமும் என்னை இப்படி நிறுத்தியதில்லை. யாருக்கு நோய், யாருடைய பிள்ளை வரவில்லை, யாருக்கு என்ன கிடைத்தது என்று அந்தத் தடம் சொல்லாது. நான் ஒதுங்கி, அதை மிதிக்காமல் நடக்கிறேன். நடக்கும்போது வாய் "முருகா முருகா" என்று தானே சொல்லுகிறது. அதை நிறுத்த எனக்கு மனமும் இல்லை, வலுவும் இல்லை.

தேரடியைக் கடக்கும்போது கொஞ்சம் மெல்லப் போக வேண்டும். 1915இல் சமாதியடைந்த செல்லப்பா சுவாமிகள் இருந்த இடம் அது. ஊர் அவரைப் பைத்தியம் என்றது. அவரைத் தேடி வந்த யோகர் சுவாமிகளுக்கு ஞானம் வாய்த்ததும் இந்தத் தெருவோரத்திலேதான். மண்டபம் வேண்டியிருக்கவில்லை, பீடம் வேண்டியிருக்கவில்லை. தேர் நிற்கும் இடத்து நிழல் போதுமாயிருந்தது.

இருபத்துநாலாம் நாள் தேர். நல்லூரில் சொன்ன நேரம் என்றால் சொன்ன நேரம்தான். அதற்குள் விடியமுன்பே இலட்சக்கணக்கில் சனம் நிறைந்துவிடும். காவடிகள் ஆடி வரும், பெண்கள் கற்பூரச் சட்டி ஏந்தி வருவார்கள், சிதறு தேங்காய் குவியும், இளநீர் மணலை நனைக்கும். சண்முகர் வெளியே வருகிறார். ஆறு முகமும் ஒருமிக்கத் தெரிகிற அந்தக் கணத்தில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் யார், நான் யார் என்று தெரியவில்லை. வடம் கைக்கு எட்டியது. இழுத்தேனா, அது என்னை இழுத்ததா? "அரோகரா" என்ற ஒலி மட்டும் இருந்தது, அதற்குள் நான் இருந்தேன். வீதி சுற்றித் தேர் இருப்புக்கு வந்த பிறகு அவருக்குப் பச்சை சாத்துவார்கள். காலையில் சிவந்து எரிந்தவர், பச்சைப் பட்டும் பச்சை மாலையுமாகக் குளிர்ந்து இறங்கி வருவார். வெயிலில் நின்று வெந்த அத்தனை பேரின் உடம்பும் அந்தப் பச்சையைக் கண்டு ஆறும். நிறம் என்றால் இது. இதைப் பார்த்த கண்ணால் வேறெதைப் பார்த்தாலும் அவனே தெரிகிறான்.

மறுநாள் தீர்த்தம். மணலை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், வாகனங்கள் திரும்பி ஓடும். ஆனால் நடை முடிவதில்லை. நல்லூரில் கொடி இறங்க, தொண்டைமானாற்றங்கரையில் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் கொடி ஏறும். ஆவணிப் பூரணைத் தீர்த்தம் வரை அங்கே திருவிழா. நல்லூரிலிருந்து வடக்கே நடந்தே போகிறவர்கள் இருக்கிறார்கள். பகட்டு இல்லாத சந்நிதி அது. அங்கே முதலில் பூசை செய்த மருதர் கதிர்காமர் வழிவந்த பூசகர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார்கள். ஆலம் இலைகளில் அமுது படைப்பார்கள். அன்னதானக் கந்தன் என்று அவனுக்குப் பெயர். ஆற்றங்கரை மடங்களில் அடுப்பு அணைவதில்லை; பெரிய கிடாரங்களில் சோறு, பருப்பு, பூசணிக்காய், கீரை, எல்லாம் ஒன்றாய்க் கொதிக்கும் வாசம் வழியிலேயே வந்து எதிர்கொள்ளும். கால் நொந்து, மணல் ஒட்டிய பாதங்களோடு போய்ப் பந்தியில் குந்தினேன். சேர்ட்டுக் கையை மடித்துவிட்ட ஒரு தம்பி வாளியோடு குனிந்து, என் இலையில் சோற்றை அள்ளி வைத்தான்.

"காணும் தம்பி."

"காணாதக்கா, இன்னும் கொஞ்சம் போடுறன். சந்நிதியான் சோறு, வேண்டாம் எண்டு சொல்லக் கூடாது."